முனியாண்டி சாமிக்கு ஹாரன் அடிக்காத நாள்

ரவாங் டவுன் சந்திப்பில் விளக்கு சிவப்பாக இருந்தது. நான் காரை நிறுத்தினேன். அதுவரை எல்லாம் சட்டப்படிதான் நடந்தது. அதற்குப் பிறகு விளக்கு பச்சையாகி, மறுபடி சிவப்பாகி, இன்னொரு முறை பச்சையானதாகப் பிற்பாடு சொன்னார்கள். எனக்கு அந்த விவரம் தெரியாது. நான் ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

எழுப்பியது பின்னால் நின்ற மணல் லோரியின் ஹாரன். கண்ணைத் திறந்தால், ஒருவர் ஜன்னல் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருக்கிறார். மாரடைப்பு என்று பயந்து ஓடி வந்திருக்கிறார், பாவம். நான் கண்ணாடியை இறக்கி அவரிடம் சொன்னது இதுதான்:

"மூணாவது கதவு காலியாத்தான் இருக்கு. லோரிய பின்னால எடுக்கச் சொல்லுங்க."

தட்டியவர் எங்கள் தாமான் குடியிருப்பில் அடுத்த வரிசை வீட்டுக்காரர். ஆகவே நான் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. எங்கள் தொழிற்சாலைச் சரக்கு என்றைக்காவது அந்த வேகத்தில் போயிருந்தால் எனக்கு இந்த நிலைமையே வந்திருக்காது.

பிளாஸ்டிக் வாளி, கூடை, பெட்டி செய்யும் தொழிற்சாலை அது. அங்கே சரக்கு அனுப்பும் பிரிவுக்கு நான் பொறுப்பு. ஒரு வாளிக்காக யாரும் உயிரை விட வேண்டியதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் இரண்டு பேர் வேலையை விட்டுப் போய், அவர்கள் இடத்துக்கு ஆள் எடுக்காமல், அவர்கள் பார்த்ததையும் என் தலையில் கட்டிய பிறகு, படுத்தால் மின்விசிறியின் ஒவ்வொரு இறக்கையிலும் ஒரு லோரி சுற்ற ஆரம்பித்தது. உடம்பு கட்டிலில் கிடக்கும், தலை மட்டும் சரக்குக் கொட்டகைக்குப் போய், எந்தக் கதவில் எந்த லோரி என்று எண்ணிக்கொண்டிருக்கும். விடிகிற நேரத்தில் கொஞ்சம் அசரும்போது அலாரம் கூப்பிடும். மாதக்கணக்கில் இதே கதை.

யாரிடமும் சொல்லவில்லை. தொழிற்சாலையில் நான்தான் கோமாளி. கூட்டம் தொடங்குமுன் நான் ஏதாவது சொல்லி எல்லாரையும் சிரிக்க வைக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். "எனக்குத் தூக்கமே வரல" என்று ஒரு நாள் உண்மையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அன்றைக்கு வாசல் கேட்டில் என் மனைவி நின்றிருந்தாள். திட்டவில்லை. கையை மட்டும் நீட்டினாள். கார் சாவியை அதில் வைத்தேன். அப்படியே கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டர் என் மகளைவிடச் சில வயதே மூத்த பெண். கேள்விகள் கேட்டு, கண்ணில் விளக்கடித்துப் பார்த்து, "இது பர்ன்அவுட், அங்கிள்" என்றார். எனக்குப் புரிந்திருக்காது என்று நினைத்து என் மனைவி விளக்கினாள்: "சோறு அடிப்பிடிச்சிருச்சுங்கிறாங்க." டாக்டர் சிரித்துவிட்டார். அதேதான் ஆன்ட்டி என்றார். ஒரு வாரத்துக்கு எம்.சி. விடுப்பு எழுதிக் கொடுத்து, ஃபோனைத் தூர வைத்துவிட்டு எங்கேயாவது ஜாலான் ஜாலான் என்று சுற்றிவரச் சொன்னார். அதற்கும் தூக்கம் வராவிட்டால் திரும்பி வாருங்கள், மாத்திரை பற்றி அப்போது பேசலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து என் மனைவி தன் தீர்ப்பைச் சொன்னாள். கண்ணெதிரே நான் ஒழுங்காக ஒரு தூக்கம் தூங்கிக் காட்ட வேண்டும். அதுவரை சாவி அவளிடம். எப்படித் தூங்க வைப்பது என்றும் அவளே முடிவு செய்திருந்தாள். எங்கள் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது எதற்கும் தூங்க மாட்டாள். காரில் போட்டுத் தாமானை இரண்டு சுற்று சுற்றினால் கண்ணை மூடிவிடுவாள். அப்பாவுக்கும் அதே வைத்தியம். சுற்று மட்டும் கொஞ்சம் பெரியது. ரவாங்கிலிருந்து கோலசிலாங்கூர், அங்கிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே சுங்கை ஆயர் தாவார். அங்கே தோட்டத்தில் என் அக்கா வீடு. ஒரு ராத்திரி தங்கிவிட்டு வரலாம்.

கல்லூரியில் படிக்கும் மகளுக்கு ஃபோன் போட்டுச் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்பாவுக்கு பேம்பர்ஸ் எடுத்துக்கிட்டீங்களா மா?"

மறுநாள் காலை சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்பினோம். அவள் வலது பக்கம், நான் இடது பக்கம். நான் மோசமான டிரைவரில்லை. ஆனால் என்னைப் போல மோசமான பயணி நாட்டில் கிடையாது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. என் பக்கத்தில் பிரேக் இல்லை என்ற சின்ன விஷயத்தை என் வலது கால் ஒப்புக்கொள்ளவே இல்லை. கால்மிதியை மிதித்து மிதித்து அது ஒரு பக்கம் சுருண்டுவிட்டது. அவளோ நிதானமானவள். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டர் ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது. அதை ஓட்டியவர் எங்களுக்கு ஆறுதலாகக் கையசைத்தார்.

பத்தாங் பெர்ஜுந்தை தாண்டி, இரண்டு பக்கமும் செம்பனை மட்டும் வரத் தொடங்கியதும், வெயிலும் நிழலும் மாறி மாறி முகத்தில் விழ, என் இமை கொஞ்சம் கனத்தது. லோரிகள் ஒவ்வொன்றாகக் கொட்டகையை விட்டுப் போக ஆரம்பித்தன. கடைசி லோரி கதவைச் சாத்துகிற நேரம்.

பாம் பாம் என்று ஹாரன். நான் துள்ளி எழுந்தேன்.

"சாமி," என்றாள் அவள், சாலையோரத்தைக் காட்டி.

இதை விளக்க வேண்டும். எங்கள் பக்கத்துத் தோட்டச் சாலைகளில் முனியாண்டி சாமி கோயிலைக் கடந்தால் ஹாரன் அடிக்க வேண்டும். நின்று கும்பிட நேரமில்லாதவன் போகிற போக்கில் வைக்கும் வணக்கம் அது. அவர் காவல் தெய்வம். தன் எல்லைக்குள் யார் வந்தாலும் போனாலும் அவருக்குத் தெரிய வேண்டும். சீன லோரிக்காரர்கள் அடிக்கிறார்கள், மலாய்க்கார பஸ் டிரைவர் அடிக்கிறார், நாங்கள் அடிக்காமல் இருப்போமா?

என் மனைவி கிள்ளான் டவுனில் பிறந்தவள். கல்யாணமான புதிதில் அவளுக்கு இது தெரியாது. நான்தான் வகுப்பு எடுத்தேன். எங்கே எல்லாம் கோயில் இருக்கிறது, எவ்வளவு தூரத்துக்கு முன்னாலேயே கை ஹாரனுக்குப் போக வேண்டும், அடிக்காமல் போனவர்களுக்கு என்னென்ன ஆனது என்று கதை கதையாகச் சொல்லி வைத்தேன். அதிலும் என் அக்கா வீடு இருக்கும் தோட்டத்து முகப்பில் உள்ள சாமி மகா கண்டிப்பானவர், மேனேஜரின் காரையே படுக்க வைத்தவர் என்று பயமுறுத்தியும் வைத்திருந்தேன். கல்யாணமாகி இத்தனை காலத்தில் நான் சொன்ன எதையும் அவள் கேட்டதில்லை. இதை மட்டும் கேட்டுக்கொண்டாள்.

சிலாங்கூர் தோட்டச் சாலைகளில் முனியாண்டிக்குப் பஞ்சமா? ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒருவர். கண்ணை மூடுவேன், பாம் பாம். மூடுவேன், பாம் பாம். வரிசையாக வருகிற எல்லா சாமியும் சேர்ந்துகொண்டு என்னைக் காவல் காப்பது போல் இருந்தது. "இத அடிக்காம விட்டாத்தான் என்னவாம்?" என்று ஒரு கட்டத்தில் கேட்டேன். "நீங்க சொல்லிக் குடுத்ததுதானே?" என்றாள்.

கோலசிலாங்கூரில் குன்றின் மேலே குரங்குகளைப் பார்க்க நிறுத்தினோம். அங்கே இரண்டு ஜாதி. வெள்ளிமுடி போர்த்திய சாதுக்கள் ஒன்று, நீண்ட வாலும் நீண்ட கையும் உள்ள திருடர்கள் இன்னொன்று. சாதுக்களுக்கு என் மனைவி பயற்றங்காய் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவை அவள் தோளில் ஏறி உட்கார்ந்து, கல்யாணப் பந்தியில் சாப்பிடுவதுபோல் ஒவ்வொன்றாக வாங்கித் தின்றன. மரியாதைப்பட்ட குடும்பம். என்னிடம் வந்தது மற்ற ஜாதி. என் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டு, உள்ளே இருந்ததை எடுத்து, உயர்த்திப் பிடித்துப் பார்த்தது.

அது என் ஆபீஸ் ஃபோன்.

சொந்த ஃபோனைக் காலையிலேயே மனைவியிடம் ஒப்படைத்திருந்தேன். இது இன்னொன்று. வீட்டிலேயே விட்டுவிட்டேன் என்று சொல்லியிருந்தேன். குரங்கு அதைக் காதில் வைத்துப் பார்க்காத குறைதான். வைத்திருந்தால் எங்கள் பிரிவை அதுவே கவனித்துக்கொண்டிருக்கும், எனக்கும் ஒரு கை உதவி. என் மனைவி ஒரு பயற்றங்காய்க் கட்டை நீட்டி ஃபோனை மீட்டாள். காரின் பின்பெட்டியைத் திறந்து, மாற்றுச் சக்கரத்தின் குழிக்குள் ஃபோனை வைத்து, மேலே விரிப்பைப் போட்டு, அதற்கு மேல் எங்கள் துணிப்பையை வைத்து, மூடியை அறைந்து சாத்தினாள்.

குன்றிலிருந்து இறங்கும்போது குற்ற உணர்வில் எனக்கு ஒரு யோசனை வந்தது. தூக்கம் வராவிட்டால் என்ன, தூங்குவது போல் நடித்தால் அவளாவது சந்தோஷப்படுவாள். சீட்டைச் சாய்த்து, கண்ணை மூடி, மூச்சைச் சீராக விட்டுக்கொண்டு கிடந்தேன். அவள் மெதுவாக ஃபோன் வரைபடத்தின் குரலை அணைத்தாள். வானொலியை அணைத்தாள். நடிப்பு நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

ஆனால் வடக்கே போவதென்றால் ஆற்றுப் பாலம் வர வேண்டும். சக்கரத்துக்கு அடியில் பாலத்தின் தடதடப்பு கேட்க வேண்டும். கேட்கவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் போயும் கேட்கவில்லை. குரலை அணைத்ததால் அவள் சந்திப்பில் எதிர்த்திசையில் திரும்பிவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. சரக்கு அனுப்புகிறவனின் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் தப்பான திசையில் ஓட்டுவது, சங்கீத வித்வானின் காதருகே தகரத்தைக் கீறுவது போன்றது. ஆனால் எப்படிச் சொல்வது? தூங்குகிறவன் வழி சொல்வானா? பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். நடுவில் ஒரு முனியாண்டிக்கு வேறு ஹாரன் அடித்தாள். அதற்கும் அசையாமல் கிடந்தேன்.

கார் நின்றது. உப்புக் காற்று வந்தது. மீன் சுடும் வாசனையும் வந்தது.

"எந்திரிங்க. வந்தாச்சு," என்றாள். "எங்கன்னுதான் தெரியல."

ஜெராம். போக வேண்டிய ஊருக்கு நேர் எதிர்த்திசை. ஆனால் தப்பான ஊருக்குச் சரியான நேரத்தில் வந்திருந்தோம். கடலோர ஒட்டுக்கடை ஒன்றில் உட்கார்ந்து, வாழையிலையில் வைத்துச் சுட்ட மீனும் சம்பலும் சோறும் சொன்னோம். அக்காவுக்கு ஃபோன் செய்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வர முடியாது என்றும் சொல்லியாகிவிட்டது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து, திரும்பிப் போக எவ்வளவு நேரம், அங்கிருந்து எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட ஆரம்பித்தேன்.

"எங்கேயும் டெலிவரி இல்லைங்க," என்றாள் அவள், மீனில் முள்ளை எடுத்துக்கொண்டே. பிறகு, "கார்ல முழிச்சிட்டுதானே இருந்தீங்க?" என்றாள்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நெசமாத் தூங்கினா வாயத் தொறந்துதான் தூங்குவீங்க. இன்னிக்கு வாய் மூடி இருந்துச்சு."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. முள் எடுத்த மீனை என் இலைப் பக்கம் தள்ளினாள்.

"நீங்க மட்டும் முழிச்சிட்டு இருக்கறதா நெனைக்காதீங்க. அந்த லைட்டுல நின்ன கதையக் கேட்டதுலேர்ந்து நானும் தூங்கல. நேத்து ராத்திரியும் நடிச்சிட்டு கிடந்தீங்க, எனக்குத் தெரியும். விடியக்காலையில கொஞ்சம் அசந்தப்ப, மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

எனக்குப் பதிலுக்கு ஒரு ஜோக் வரவில்லை. தொழில்முறைக் கோமாளிக்கு அது பெரிய அவமானம். மீனைத் தின்றேன். எதிரே கடல் வற்றிப்போய் வெறும் சேறாகக் கிடந்தது. படகுகள் அதில் சாய்ந்து படுத்துக்கொண்டிருந்தன. படகுக்குக்கூடத் தூங்கத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். அதைச் சொன்னேன். அதற்கு அவள் லேசாகச் சிரித்தாள். தேறிவிடுவேன் என்று நம்பிக்கை வந்தது.

மறுபடி வடக்கே. இந்த முறை பாலம் வந்தது, தடதடத்தது. நான் நடிக்கவில்லை, வழியும் சொல்லவில்லை. கால்மிதியில் பிரேக் பிடிப்பதையும் விட்டேன். தஞ்சோங் காராங் போனது. சிகிஞ்சான் வயல்கள் வந்தன. இரண்டு பக்கமும் பச்சை, அதற்கு அந்தப் பக்கமும் பச்சை, லோரி நிறுத்த ஓர் இடம் கிடையாது. எனக்கு நினைவிருக்கும் கடைசிக் காட்சி அதுதான்.

கண் விழித்தபோது கார் அக்கா வீட்டு வாசலில், மாமரத்துக்குக் கீழே நின்றிருந்தது. என் பக்கத்துக் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. அதன் மேல் வெயில் படாமல் யாரோ ஒரு கைலியைத் தொங்கவிட்டிருந்தார்கள். கைலியை விலக்கிக்கொண்டு என் மாமாவின் முகம் உள்ளே எட்டிப் பார்த்தது. மாமா என்றால் அக்கா புருஷன். தோட்டத்தில் செம்பனை லோரி ஓட்டுபவர். குரலைத் தணித்துப் பேசுவது அவர் குடும்பத்திலேயே இல்லாத பழக்கம். ஆனால் உதட்டில் விரலை வைத்து எனக்கு அந்தப் பக்கம் காட்டினார்.

டிரைவர் சீட்டைச் சாய்த்துப்போட்டு என் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது. கார் சாவி கைக்குள் இறுகியிருந்தது.

மாமா ஜன்னலில் சாய்ந்தபடி, சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்க, கிசுகிசுப்பாக நடந்ததைச் சொன்னார். அவர் ஆலையில் குலைகளைக் கொட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாராம். தோட்டத்து முகப்பில், முனியாண்டி கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் கார் என்ஜின் ஓடிக்கொண்டே ஓரமாக நிற்கிறது. நடுரோட்டில் என் மனைவி இரண்டு கையையும் நீட்டி லோரியை மறிக்கிறாள்.

"ஆக்சிடெண்டுன்னு நெனச்சு எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு மாப்ள. எறங்கி ஓடினா, 'அண்ணே, ஹாரன் அடிச்சிராதீங்க, அவரு தூங்குறாரு'ங்கிறா. எத்தன வருசமா ஓட்டுறேன், அங்க அடிக்காம தாண்டினதே இல்ல லா. கை அதுபாட்டுக்குப் போவுது."

அடிக்காமல் போகலாம் என்று அவளும் நினைக்கவில்லை. அவள் எனக்குப் பயப்படுபவள் இல்லை, ஆனால் நான் சொன்ன கதைகளுக்குப் பயப்படுபவள். செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலில் கோயில் வரைக்கும் நடந்தே போயிருக்கிறாள். மீசையும் அரிவாளுமாக நிற்கும் அந்த மகா கண்டிப்பானவருக்கு முன்னால் நின்று சொன்னதை மாமா பின்னால் நின்று கேட்டிருக்கிறார்.

"சாமி, அவரு இப்பத்தான் தூங்குறாரு. ரொம்ப நாளாச்சு. சத்தம் போடாம தாண்டிக்கிறேன், கோச்சுக்காத."

அவளைப் பார்த்து மாமாவும் செருப்பைக் கழற்றினாராம். அவர் பங்குக்கு, 'எனக்கும் அதேதான் சாமி' என்று ஒரு கும்பிடு போட்டாராம். பிறகு முன்னால் காரும் பின்னால் லோரியும், சாமி ஊர்வலத்தை விட மெதுவாக, ஒரு சத்தமும் இல்லாமல் கோயிலைக் கடந்து வந்திருக்கின்றன. வாசலில் வந்து நின்றதும் என்ஜினை அணைத்தால் நான் எழுந்துவிடுவேனோ என்று அவள் தயங்க, அக்கா வந்து பார்த்து, "அவன் வாயப் பாரு, ஈ பூந்து வெளிய வந்தாலும் எந்திரிக்க மாட்டான்" என்றாளாம். அப்போதுதான் என்ஜினை அணைத்தாள். அப்படியே சீட்டைச் சாய்த்தவள்தான்.

மாமா சொல்லிக்கொண்டிருக்கும்போதே எங்கிருந்தோ ஒரு சத்தம். எங்கள் இருவருக்கும் முதலில் புரியவில்லை. துணிப்பைக்கு அடியில், விரிப்புக்கு அடியில், மாற்றுச் சக்கரத்தின் குழிக்குள்ளிருந்து என் ஆபீஸ் ஃபோன் அழைத்துக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் அந்தச் சத்தம் கேட்டால் என் கை தானாக அதை எடுத்துக் காதில் வைத்துவிடும். இப்போது நான் பார்த்தது என் மனைவியின் முகத்தை.

எடுத்துத் தரட்டுமா என்று மாமா சைகையில் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, வாசலில் கிடந்த இரண்டு கோணிச்சாக்குகளைத் தூக்கி வந்து பின்பெட்டி மூடியின் மேல் போட்டு, அவற்றின் மேல் தானும் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். அந்தக் கோலத்தில் மாமாவைப் பார்த்த அக்கா சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். ஃபோன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. என் மனைவி லேசாகப் புரண்டாள். சாவியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். வாய் மூடவில்லை.

கதவைத் திறந்தால் சத்தம் வரும். ஆகவே நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். சமையலறையிலிருந்து நண்டுக்குழம்பு வாசனை வந்து என்னைப் பாடாய்ப் படுத்தியது. அக்கா ஜன்னல் வழியாக ஒரு டம்ளர் கோப்பியும் ஒரு வடையும் கொடுத்தாள், ஆஸ்பத்திரியில் கொடுப்பது போல. கோழிகள் அடையப் போகிற வேளையில்தான் அவள் கண்ணைத் திறந்தாள். திறந்ததும் என் பக்கம்தான் திரும்பினாள்.

"தூங்கினீங்களா?"

"மாமாவக் கேளு. பஞ்சாயத்தே நடந்திருக்கு."

"வாய்?"

"அக்கா சாட்சி சொல்லுவா."

அப்போதுதான் கையைப் பிரித்தாள். சாவியின் பல் உள்ளங்கையில் பதிந்திருந்தது.

மறுநாள் காலை, சொன்ன சொல் தவறாமல் அவள் சாவியை நீட்டினாள். நான் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டேன். "நீயே ஓட்டு. எனக்கு இன்னும் கொஞ்சம் தூக்கம் பாக்கி இருக்கு," என்றேன். அக்கா கொடுத்த கருவாடும் மாங்காயும் பின்சீட்டில். மாமா லோரியோடு எங்களுக்குப் பின்னால்.

தோட்டத்து முகப்பில் கோயில் தெரிந்ததும் அவள் வேகத்தைக் குறைத்தாள். "முழிச்சிருக்கீங்கல்ல? அடிக்கவா?" என்றாள்.

நானே குறுக்கே கையை நீட்டி அடித்தேன். நேற்றைக்கு ஒன்று, இன்றைக்கு ஒன்று. பிறகு மாமாவுக்காகவும் ஒன்று அடிக்கலாம் என்று கையை வைத்தேன். அதற்குள் பின்னாலிருந்து மாமாவே அவர் பாக்கியைத் தீர்த்துவிட்டார். லோரி ஹாரன் அல்லவா, சாலையோரம் மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் செம்பனைக்குள் ஓடின, என் மனைவி திடுக்கிட்டு பிரேக்கை மிதித்தாள், நானும் என் பக்கத்தில் மிதித்தேன்.